ஒன்பது யூனிட் மின்சாரம்

மதுரையில் வைகையின் வடகரைக்கு வந்து செல்லூருக்கு வழி கேட்க வேண்டியதில்லை. தெருவுக்குள் நுழைந்ததுமே விசைத்தறிச் சத்தம் காதைப் பிடித்து அழைத்துப் போகும். முன்பிருந்த தறிகளில் பாதிகூட இப்போது இல்லை என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் ஓடுகிற கூடங்களில் இன்னும் துண்டும் வேட்டியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. காந்த விசையால் பொருளைத் தள்ளிவிடும் மின்காந்த ஏவுதல் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் துறையின் பிறப்புக் கதையில் ஒரு தறி வருவதைக் கண்டேன். அதனால்தான் பயணத்தைச் செல்லூரில் தொடங்கி, சென்னைக்குத் தெற்கே தையூரில் முடிப்பது என்று பாதை வகுத்துக்கொண்டேன்.

கூடத்தில் ஒரு பெரியவர் தறியை நிறுத்தி, நாடாவைக் கையில் எடுத்துக் கொடுத்தார். இரு முனையிலும் இரும்புக் கூம்பு பூட்டிய கட்டை. வயிற்றில் நூல் சுற்றிய தார் உட்காரும் குழி. பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரியும் நேரத்தில், தறியின் ஓரத்திலிருக்கும் அடிகட்டை இதை ஓங்கி அடிக்கிறது. அடி வாங்கிய நாடா பாவுக்குள் புகுந்து, ஊடு நூலை விட்டபடியே எதிர்ப்பெட்டியில் போய் விழுகிறது. பிறகு அங்கிருந்து திரும்ப ஓர் அடி. நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் முறை, நாள் முழுக்க. தெருவெல்லாம் கேட்பது இந்த அடியின் சத்தம்தான்.

“தம்பி, நாடாவ அடிச்சு விடுறது பெரிய வேல இல்ல” என்றார் பெரியவர். “அது நேரத்துக்குப் போகணும், போன எடத்துல நிக்கணும். நிக்காம துள்ளித் திரும்புச்சுன்னா பாவு மொத்தமும் அந்து போயிரும்.”

மின்காந்த ஏவுதலின் எல்லாச் சிக்கல்களும் அவருடைய அந்தச் சில சொற்களுக்குள் அடங்கியிருக்கின்றன. 1940களின் கடைசியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எரிக் லெய்த்வெயிட் என்ற பொறியாளர் இதே நாடாவை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் பிறந்தது லங்காஷயரில், சுற்றிலும் பஞ்சாலைகள். அடிகட்டையே இல்லாமல், காந்தப் புலத்தால் மட்டும் நாடாவை ஓட்ட முடியுமா என்பது அவருடைய கேள்வி. சுழலும் மோட்டாரை ஒரு பக்கம் வெட்டிப் பிரித்துத் தரையில் நீட்டிப் படுக்க வைத்தால், சுழல வேண்டிய காந்தப் புலம் நேர்கோட்டில் ஓடும். மேலே வைத்த உலோகத்தையும் கூடவே இழுத்துப் போகும். இதுதான் நேர்கோட்டு மோட்டார். நாடாவை மின்காந்தத்தால் செலுத்தும் யோசனைக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காப்புரிமை எடுத்திருந்தார்கள். ஆனால் அதை ஒரு பொறியியல் துறையாக வளர்த்தெடுத்தவர்களில் லெய்த்வெயிட்டுக்குத் தனி இடம் உண்டு. தறியில் அது வெற்றி பெறவில்லை. காற்றாலும் தண்ணீராலும் நூலை ஊதித் தள்ளும் நாடா இல்லாத தறிகள் வந்து அந்தத் தேவையையே துடைத்துவிட்டன. மோட்டார் மட்டும் தறியை விட்டு வெளியேறி, தண்டவாளத்துக்கும் விமானந்தாங்கிக் கப்பலுக்கும் போய்ச் சேர்ந்தது.

பெரியவரிடம் நாடாவை வாங்கி எடை பார்த்துக் கணக்குப் போட்டேன். 400 கிராம் கட்டை, விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் அதன் இயக்க ஆற்றல் 29 ஜூல் அளவுக்கு வரும். 2010 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வர்ஜீனியாவின் டால்கிரனில் ஒரு மின்காந்தப் பீரங்கியைச் சுட்டது. அதிலிருந்து வெளிவந்த குண்டின் ஆற்றல் 3 கோடியே 30 லட்சம் ஜூல். செல்லூர் நாடாவைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் அதே ஆற்றலை மின்வாரியக் கணக்கில் மாற்றினால் 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை தமிழ்நாட்டில் இலவசம். 2023க்கு முன்பு அது 750ஆக இருந்தது. ஆக, உலகை வியக்க வைத்த அந்தக் குண்டில் ஏறிய ஆற்றல், செல்லூரில் எந்தத் தறிக்காரரும் பொருட்படுத்தாத அளவு மின்சாரம்தான். அவரால் செய்ய முடியாதது ஒன்றுதான்: அந்த 9 யூனிட்டையும் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்குள் கொட்டித் தீர்ப்பது. அப்படிக் கொட்டினால் அந்தக் கணத்துக்கு 3,300 மெகாவாட். இந்தத் துறையில் அளவைவிட நேரம்தான் கடினம். நேரத்தைக் கட்டி ஆள்வது சுவிட்ச்.

கூடத்திலிருந்து வெளியே வந்து செல்லூர்க் கண்மாய்ப் பக்கம் நடந்தேன். 2024 அக்டோபரில் ஒரு பிற்பகலில் பேய்மழை கொட்டி, கண்மாய்த் தண்ணீர் பந்தல்குடிக் கால்வாயில் அடங்காமல் தெருக்களுக்குள் புகுந்தது. நாள் கணக்கில் பெய்திருந்தால் வைகைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் தண்ணீர், சில மணி நேரத்தில் வந்ததால் வீடு புகுந்தது. மின் துடிப்பு என்பதைக் கண்மாயை வைத்தே சொல்லிவிடலாம். வாய்க்காலில் மெல்ல மெல்ல வந்து நிறைகிற தண்ணீர், மின்தேக்கியில் சேரும் மின்னூட்டம். வேண்டிய கணத்தில் திறக்கிற மடை, சுவிட்ச். அந்த மடைக்கு மூன்று குணம் வேண்டும். மூடியிருக்கும்போது முழுக் கண்மாயின் அழுத்தத்தையும் ஒரு சொட்டுக் கசியாமல் தாங்க வேண்டும். திறக்கும்போது முனகாமல், சட்டென்று முழு அகலத்துக்கும் திறக்க வேண்டும். திறந்தபின் வெள்ளம் தன்னையே அடித்துக்கொண்டு போகாமல் நிற்க வேண்டும். மின் துடிப்புப் பொறியாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த மூன்றையும் ஒரே பொருளில் சேர்க்கப் போராடி வருகிறார்கள்.

மதுரை சந்திப்பிலிருந்து நேராகச் சென்னைக்கு வண்டி ஏறாமல், திண்டுக்கல், கரூர் வழியாக ஈரோட்டுக்குப் போகும் வண்டியைப் பிடித்தேன். காரணம் புகளூர். அதற்கு முன்னால் மின்சார இன்ஜின்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கலையின் வரலாறு ரயில் இன்ஜின்களுக்குள்தான் தெளிவாகப் பதிந்திருக்கிறது. 1959ல் ஐரோப்பாவிலிருந்து வந்த முதல் 25 கிலோவோல்ட் இன்ஜின்களில் இக்னிட்ரான்கள் இருந்தன. அடியில் பாதரசக் குளம் உள்ள இரும்புக் கலம் அது. ஒரு சிறு பொறியால் பாதரசத்தைத் தூண்டினால் ஆவி எழுந்து மின்சாரத்துக்கு வழி விடும். அந்தக் காலத்து மின்காந்தப் பீரங்கி ஆய்வுக்கூடங்களிலும் இதே இக்னிட்ரான்தான் மடை. லட்சக்கணக்கான ஆம்பியரைச் சளைக்காமல் விடும். ஆனால் நிமிர்ந்தே நிற்க வேண்டும்; உள்ளே இருப்பது திரவம், அதுவும் நஞ்சு. ஆடுகிற கப்பலிலோ ஓடுகிற வண்டியிலோ அதை நம்பிக் கருவி கட்டுவது பெரும்பாடு. இரண்டு உலோக உருண்டைகளுக்கு நடுவே பொறி பாய விடும் இன்னொரு வகை சுவிட்சும் உண்டு. ஒவ்வொரு பொறியும் உலோகத்தைக் கொஞ்சம் தின்றுவிடுவதால், நூறாவது வெடிப்பு முதல் வெடிப்பு மாதிரி இருக்காது.

திண்டுக்கல் தாண்டியதும் நிலம் வறண்டு விரிகிறது. எரியோடு, பாளையம், வெள்ளியணை என்று சின்னச் சின்ன நிலையங்கள். கரூரில் அமராவதியைக் கடந்து, காவிரியின் தென்கரையை ஒட்டி வண்டி மேற்கே திரும்பினால் புகளூர். காகிதபுரத்துக் காகித ஆலையால் இந்தப் பக்கத்தை எல்லோருக்கும் தெரியும். மின் பொறியாளர்களுக்கு மட்டும் இந்தப் பெயர் வேறொன்றைச் சொல்லும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 1,765 கிலோமீட்டர் நேர்மின்சாரமாக ஓடிவரும் 6,000 மெகாவாட் பாதை முடிகிற நிலையத்துக்குப் புகளூர் என்றுதான் பெயர். மின்னழுத்தம் கூட்டலும் கழித்தலுமாக 800 கிலோவோல்ட். கொங்குச் சமவெளியில் அந்தக் கோபுரங்களை அடையாளம் காண்பது சுலபம்: மற்றவற்றில் மூன்று மூன்றாகக் கம்பிகள் போகும், இதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே கொத்து. டால்கிரனில் ஒரு கணம் பாய்ந்த 3,300 மெகாவாட், இந்தக் கம்பிகளின் முழுத் திறனில் பாதிக்கும் மேல். இங்கே அது நாளெல்லாம் ஓடலாம். அங்கே கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு நேரமே ஓடியது.

ராய்கர் பாதையின் இரு முனையிலும் மடை வேலை பார்ப்பவை தைரிஸ்டர்கள். 1957ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட சிலிக்கன் சுவிட்ச் இது. தட்டையான வட்டச் சில்லு. அசையும் பாகம் இல்லை, பாதரசம் இல்லை, பொறி இல்லை. வாயில் என்னும் முனையில் சின்னத் துடிப்பு ஒன்று கொடுத்தால் திறந்துகொள்ளும். ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு: திறந்தபின் நாம் சொல்லி மூடாது. ஓடுகிற வெள்ளம் தானாக வடிந்தால்தான் மூடும். மாறுமின்சாரத்தில் இது குறையாகத் தெரிவதில்லை; ஒவ்வொரு அலையும் பூச்சியத்தைத் தொட்டுத்தான் திரும்புகிறது. மின்காந்தப் பீரங்கியிலும் குறையில்லை. மின்தேக்கி காலியானதும் கதை முடிந்தது.

அதனால்தான் பிரான்ஸின் அல்சாஸில், பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் சேர்ந்து நடத்தும் செயிண்ட் லூயி ஆய்வு நிறுவனம் தன் பெகாசஸ் பீரங்கிக்குத் தைரிஸ்டரைத் தேர்ந்தது. அதன் மின்தேக்கித் தொகுதி மொத்தம் ஒரு கோடி ஜூல். ஒரே பெருங்கண்மாயாக அதைக் கட்டாமல், 50,000 ஜூல் கொண்ட 200 சிறு கண்மாய்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மின்தேக்கி, தனித் தைரிஸ்டர், வடிந்த மின்சாரம் திரும்பி வராமல் சுற்றி விடும் டையோடு, பாய்ச்சலின் முரட்டுத்தனத்தை மட்டுப்படுத்தும் சுருள். குண்டு குழலுக்குள் நகர நகர, இந்த மடைகளை ஒன்றன்பின் ஒன்றாக மைக்ரோ விநாடிக் கணக்கில் திறக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்தால் தொடக்கத்தில் ஓர் உச்சம், பிறகு சரிவு. குண்டின் பின்பக்கம் உருகிப்போகும். வரிசை போட்டுத் திறந்தால் தள்ளுவிசை குழலின் கடைசிவரை சமமாக நிற்கும்.

தைரிஸ்டருக்கு நேரும் ஆபத்து நுட்பமானது. வாயிலில் துடிப்பு வந்ததும் சில்லு முழுவதும் ஒரே கணத்தில் திறப்பதில்லை. வாயிலை ஒட்டிய சிறு வளையம் முதலில் திறக்கிறது. அங்கிருந்து அகலம் பரவுகிறது, மைக்ரோ விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற மந்த வேகத்தில். உள்ளங்கை அகலச் சில்லின் நடுவில் தொடங்கி விளிம்பைத் தொட ஐநூறு மைக்ரோ விநாடி ஆகிவிடும். அதற்குள் வெள்ளம் முழு வேகம் எடுத்துவிட்டால், திறந்த அந்தச் சின்ன இடத்தில் அத்தனை மின்சாரமும் நெருக்கியடித்து, சிலிக்கனையே உருக்கித் துளை போட்டுவிடும். வெளியே பார்த்தால் சில்லு முழுசாக இருக்கும், உள்ளே செத்திருக்கும். இதைத் தவிர்க்க வாயிலை ஒரு புள்ளியாக வைக்காமல், கிளை கிளையாகச் சில்லின் முகம் முழுக்கப் படர விடுகிறார்கள். ஒளித் துடிப்பால் நேரடியாகத் திறக்கும் தைரிஸ்டரும் வந்தது. பத்தாயிரம் வோல்ட்டைத் தாங்க ஒரு சில்லு போதாமல் பலவற்றை வரிசையாக அடுக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்தால் மின் இரைச்சல் புகுந்து வேளை தவறித் திறக்கும்; கண்ணாடி இழைக்குள் இரைச்சல் நுழையாது.

நம் நாட்டிலும் புனேயில் உள்ள டிஆர்டிஓவின் படைக்கல ஆய்வகம் மின்காந்தப் பீரங்கியில் வேலை செய்துவருகிறது. அமெரிக்கா 2021ல் தன் பீரங்கித் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. சில வெடிப்புகளிலேயே குழல் தேய்ந்துபோனதும் ஒரு காரணம். ஜப்பான் 2023ல் கப்பலிலிருந்து சுட்டுப் பார்த்தது. எனக்குப் பீரங்கியில் ஆசை இல்லை. அதற்காகச் செலவழித்த மூளையில் மிஞ்சி நிற்கப்போவது சுவிட்ச்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கான சான்று புகளூரிலேயே இருக்கிறது. அங்கிருந்து திருச்சூருக்குப் போகும் 2,000 மெகாவாட் பாதையில் தைரிஸ்டர் இல்லை. கூட்டலும் கழித்தலுமாக 320 கிலோவோல்ட்டில் ஓடும் அந்தப் பாதை 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதில் இருப்பது ஐஜிபிடி. சொன்னால் திறக்கும், சொன்னால் மூடும். வெள்ளம் நடு ஓட்டத்தில் இருக்கும்போதே மூடும். வடக்கிலிருந்து வருவதைத் தைரிஸ்டர் வாங்கிக்கொள்ள, மேற்கே போவதை ஐஜிபிடி அனுப்பி வைக்கிறது. திடநிலைச் சுவிட்சின் இரண்டு தலைமுறையும் புகளூர் என்ற ஒரே பெயருக்குக் கீழ் வேலை பார்க்கின்றன. ரயில் சன்னலில் இதை யாருக்காவது காட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் இருந்தவர் கொடுமுடிக்குப் போகிற அவசரத்தில் பையை இறக்கிக்கொண்டிருந்தார்.

ஈரோட்டில் மாறி ஏறிய சென்னை வண்டியை இழுத்தது டபிள்யூஏபி-7 இன்ஜின். இந்த வகையின் தொடக்க இன்ஜின்களில், வாயிலால் மூடவும் முடிகிற தைரிஸ்டர் இருந்தது; பின்னால் வந்தவற்றில் ஐஜிபிடி. நிலையத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜினிலிருந்து சுருதி ஏறி ஏறி வரும் ஒரு முனகல் கேட்கும். சுவிட்சுகள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடி, நேர்மின்சாரத்தைத் துண்டு துண்டாக்கி, மூன்று கட்ட மாறுமின்சாரமாகத் தைத்து மோட்டாருக்குக் கொடுக்கிற ஓசை அது.

ஐஜிபிடியைச் சொல்லும்போது அதன் ஆளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜெயந்த் பலிகா 1948ல் சென்னையில் பிறந்தவர். தந்தை பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தை நடத்தியவர் என்பதால் பெங்களூரு ஜாலஹள்ளியில் வளர்ந்து, ஐஐடி மெட்ராஸில் மின்பொறியியல் படித்து 1969ல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் 1980களின் தொடக்கத்தில் ஐஜிபிடியை உருவாக்கினார். அப்போது கையில் இருந்தவை இரண்டு: சுலபமாக ஆணைக்குக் கட்டுப்படும், ஆனால் பெரிய மின்சாரம் தாங்காத மாஸ்ஃபெட், பெரிய மின்சாரம் தாங்கும், ஆனால் ஆணையிடவே ஏராளம் மின்சாரம் கேட்கும் இருதுருவ டிரான்சிஸ்டர். முன்னதின் வாயிலைப் பின்னதின் உடலோடு ஒரே சில்லில் இணைத்தார். இன்று மின்சாரக் காரிலும், காற்றாலையிலும், இன்வெர்ட்டர் ஏசியிலும் அதுதான் இருக்கிறது. 2024ல் பின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் பத்திரிகைகளில் அந்தச் செய்திக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு என்பது என் வருத்தம். சென்னையில் இறங்கி, ஐஐடியின் கிண்டி வளாகத்து ஆலமரங்களுக்குக் கீழே நடந்தபோது, இங்கே படித்த ஒருவர் செய்த பொருள்தான் என்னை ஈரோட்டிலிருந்து இழுத்து வந்தது என்ற நினைப்பு உடன் வந்துகொண்டே இருந்தது.

தையூர் பழைய மாமல்லபுரம் சாலையில், நகரம் இன்னும் முழுதாக வந்து சேராத இடத்தில் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் டிஸ்கவரி வளாகத்தில், தரையிலிருந்து சற்றே உயர்ந்து, 400 மீட்டருக்கு மேல் நீளும் வெள்ளைக் குழாய். ரயில்வே அமைச்சகத்தின் நிதியுதவியோடு ஆவிஷ்கார் ஹைப்பர்லூப் மாணவர் குழு எழுப்பிய சோதனைத் தடம். காற்றை உறிஞ்சிவிட்ட குழாய்க்குள் பெட்டியைச் சக்கர உராய்வின்றி ஓட்டுவது நோக்கம். தள்ளுவதற்கு நேர்கோட்டு மோட்டார். மான்செஸ்டரில் லெய்த்வெயிட் நாடாவுக்காக எடுத்த அதே வழி.

இங்கேதான் தைரிஸ்டரின் பிடிவாதம் உதவாமல் போகிறது. நேர்கோட்டு மோட்டாரில் காந்தப் புலம் எப்போதும் பெட்டியைவிடக் கொஞ்சம் முன்னால் ஓட வேண்டும். பெட்டி வேகம் கூடக் கூட அலையின் அதிர்வெண்ணும் ஏற வேண்டும். நிறுத்த வேண்டுமானால் அலை பின்வாங்க வேண்டும். எனவே நடு ஓட்டத்தில் மூடத் தெரிந்த சுவிட்ச் கட்டாயம். அமெரிக்காவின் ஜெரால்ட் ஃபோர்டு கப்பலிலும் சீனாவின் ஃபூஜியான் கப்பலிலும் விமானத்தை ஏவுவது நேர்கோட்டு மோட்டாரே. 1946 வாக்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இதை முயன்று, ஒரு ஜெட் விமானத்தை 4 விநாடியளவில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியும் காட்டியது. செலவு கட்டுப்படியாகவில்லை, வேகத்தை நுணுக்கமாக ஆளும் சுவிட்சும் அன்று இல்லை. அந்த இடத்தை நீராவி பிடித்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. நம் விக்ராந்த் கப்பலில் ஏவுகருவி கிடையாது. மேல்நோக்கி வளைந்த தளத்திலிருந்து விமானம் தானே எழும்புகிறது.

நகரத்துக்குத் திரும்பும் பேருந்தில், மின்திறன் மின்னணுவியலில் ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவியோடு பேச வாய்த்தது. “சார், எல்லாரும் எவ்வளவு வேகம்னுதான் கேக்குறாங்க. நாங்க ராத்திரி முழுக்க உக்காந்து பாக்குறது டெட் டைம்” என்றார். நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரின் ஒவ்வொரு கட்டத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சுவிட்ச். இரண்டும் ஒரே சமயம் திறந்துவிட்டால் மின்சாரம் மோட்டார் பக்கமே போகாமல் நேராகக் கீழே விழுந்து எல்லாவற்றையும் எரித்துவிடும். அதனால் ஒன்று மூடி, மற்றது திறக்கும் முன் சில மைக்ரோ விநாடி இடைவெளி விடுகிறார்கள்; டெட் டைம் என்பது அதுதான். அதையும் மீறித் தவறு நேர்ந்தால், ஐஜிபிடி பத்து மைக்ரோ விநாடி அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்து மூடியாக வேண்டும். இப்போது எல்லோரும் சிலிக்கன் கார்பைடுக்கு மாறுகிறார்கள். அது இன்னும் வேகமாகத் திறந்து மூடும், வெப்பமும் குறைவு, ஆனால் அந்தத் தாங்கும் நேரம் இரண்டு மூன்று மைக்ரோ விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. சில்லுகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. புவனேஸ்வரில் சிலிக்கன் கார்பைடு ஆலைக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. “சில்லு இங்க வர்றப்ப வரட்டும் சார்” என்றார் அவர். “அதைக் காப்பாத்துற சுற்றை நாங்க இப்பவே செஞ்சு வைக்கணும். ரெண்டு மைக்ரோ செகண்டுக்குள்ள மூடுற மாதிரி.” சோழிங்கநல்லூர் நிறுத்தத்தில் இறங்கும்வரை, தன் சுற்றுப் பலகையில் அந்த நேரம் இன்னும் மூன்றுக்குக் கீழே வரவில்லை என்பதையும், கசியும் தூண்டலைக் குறைக்கக் கம்பிப் பாதையை எப்படி மாற்றப் போகிறார் என்பதையும் சொல்லிக்கொண்டு வந்தார்.